கெண்டைக்காலுக்கு உட்கார்ந்த பயிற்சி மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கெண்டைக்கால் தசையை வலுப்படுத்துவது பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பகுதியில் வந்த கட்டுரை, நின்றபடி குதிகாலைத் தூக்குவதும் உட்கார்ந்து தொடைமேல் எடை வைத்துத் தூக்குவதும் ஒன்றுதான், வசதிப்பட்டதைச் செய்யலாம் என்கிறது. உட்கார்ந்து செய்வது வசதிதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

காரணம் முழங்காலில் இருக்கிறது. ஆடுசதையில் இரட்டைப் புடைப்பாக வெளியே தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அது தொடை எலும்பின் அடிமுனையில் தொடங்கி, முழங்கால், கணுக்கால் இரண்டையும் தாண்டிப்போய்க் குதிகால் எலும்பைப் பிடிக்கிறது. அதற்கு அடியில் தட்டையாகப் படிந்திருக்கும் சோலியஸ், முழங்காலுக்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது. முழங்காலை மடக்கினால் முதல் தசை தொய்ந்துவிடும். தொய்ந்த தசையால் பலமாக இழுக்க முடியாது. சுமையில் பெரும்பங்கு சோலியஸ் தலையில் விழும்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆளின் ஒரு காலுக்கு நின்ற பயிற்சி, மறு காலுக்கு உட்கார்ந்த பயிற்சி என 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். காஸ்ட்ராக்னீமியஸின் இரண்டு புடைப்புகளில் வெளிப்பக்கம் இருப்பது, நின்ற காலில் 12 சதவீதத்துக்குச் சற்று மேல் பருத்தது. உட்கார்ந்த காலில் 2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. சோலியஸ் இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே அளவே வளர்ந்தது, அதுவும் கொஞ்சம்தான். நேரம் குறைவு, ஒன்றைத்தான் செய்ய முடியும் என்பவர்கள் நின்றே செய்யட்டும்.

உட்கார்ந்த பயிற்சி வீண் என்று சொல்லவில்லை. ஓடுபவர்களுக்கு, பாதம் தரையில் ஊன்றும்போது முழங்கால் சற்று மடங்கியே இருப்பதால், சோலியஸின் பலம் கட்டாயம் வேண்டும். வீட்டில் செய்பவர்கள் கோட்டைவிடுவது எடையில். 60 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தினால், கிட்டத்தட்ட 60 கிலோவையும் தூக்குகிறார். அவரே நாற்காலியில் அமர்ந்து தொடைமேல் 5 கிலோ டம்பெல்லை வைத்தால் அந்தத் தசைக்கு அது ஒரு சுமையே இல்லை. ஐம்பது முறை செய்தும் ஒன்றும் ஆகவில்லை என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை.

நின்று செய்யும் முறையையும் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. உறுதியான படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வையுங்கள்; விரல்நுனி மட்டும் போதாது, பெருவிரலுக்கு அடியில் உள்ள மேடு முழுவதும் படியில் பதிய வேண்டும். சமநிலைக்காகச் சுவரை லேசாகத் தொடலாம். கையால் உந்தக் கூடாது. முழங்கால் நேராக இருக்கட்டும். மூன்று விநாடி எடுத்துக் குதிகாலை இறக்கி, அடியில் இரண்டு விநாடி நிறுத்தி, பிறகு மேலே எழும்பி ஒரு விநாடி நில்லுங்கள்.

அடியில் நிற்கும் அந்த இரண்டு விநாடிதான் உயிர்நாடி. நிறுத்தாமல் துள்ளினால், இறங்கும்போது இழுபட்ட குதிகால் நாண், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற இழை, ஸ்பிரிங் போலச் சுருங்கி உடலை மேலே தள்ளிவிடும். எண்ணிக்கை ஏறும், தசைக்கு வேலை குறையும். களைத்ததும் முழங்கால் தானாக மடங்கி நிமிரும். அப்போது தூக்குவது தொடை. மேலே போகும்போது எடை சுண்டுவிரல் பக்கம் சரிந்தால் கணுக்கால் பிரளும்.

இரண்டு காலால் 15 முறை சுத்தமாக வந்தால் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். செலவில்லாமல் சுமை இரட்டிப்பாகும். அதிலும் 15 வந்த பிறகு, அதே பக்கக் கையில் டம்பெல் பிடித்து, இரண்டு இரண்டு கிலோவாக ஏற்றலாம். மூன்று செட், நடுவில் இரண்டு நிமிட ஓய்வு, வாரத்தில் இரண்டு மூன்று நாள்.

முன்பாதத்தில் மாட்டிக் கையால் இழுத்துப் பிடிக்கும் ரப்பர் பட்டையைக் கட்டுரை ஏனோ மிகவும் புகழ்கிறது. தசை நீண்டிருக்கும்போது வாங்கும் சுமைதான் அதை அதிகம் வளர்க்கிறது. பட்டையோ அந்த இடத்தில் தளர்ந்திருந்து, பாதம் முழுக்க நீண்ட பிறகே இறுகுகிறது. மாவுக்கட்டு பிரித்த முதல் வாரங்களுக்கு நல்லது, அதற்கு மேல் போதாது. முதுகில் சுமை ஏற்ற முடியாதவர்களுக்கு அமர்ந்தபடி காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் இயந்திரம் நல்ல மாற்று. முழங்காலை ஏறக்குறைய நேராக வைத்து, பாதுகாப்புத் தடையை விலக்காமல் செய்ய வேண்டும். முன்பாதம் வழுக்கினால் முழு எடையும் மேலே வந்துவிடும். பாதத்தை உள்ளே வெளியே திருப்பிச் செய்வதில் கிடைப்பது சிறு வித்தியாசம்தான்.

நாண் குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி உள்ளவர்கள் படியில் இறங்கவே கூடாது. அந்த இழுப்பில் நாண் எலும்போடு நசுங்கி வலி கூடும்; அவர்கள் சமதரையில் செய்யட்டும். சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் அண்மையில் சாப்பிட்டவர்களுக்கும் நாண் அறுபடும் அபாயம் கூடுதல்; மருத்துவரைக் கேட்காமல் எடை ஏற்ற வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது பயிற்சி வலி என்று விட்டுவிடக் கூடாது, இரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்