பக்கத்துக் கொல்லையில் என்ன பயிர்?

பெரம்பலூர் மாவட்டத்தில் உரக்கடை, பூச்சிமருந்துக்கடை நடத்தும் அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் குன்னம் பக்கத்து மானாவாரி விவசாயி. மூன்று ஏக்கர் கரிசல். ஒரு வருஷம் பருத்தி, மறு வருஷம் மக்காச்சோளம் என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். உங்களிடம் கேட்க எனக்கு ஒரு விஷயம்தான் இருக்கிறது. மக்காச்சோளத்தில் களை அடிக்க 2,4-டி கேட்டு யார் வந்தாலும், மருந்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் "பக்கத்துக் கொல்லையில் என்ன பயிர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பருத்தி என்று சொன்னால், அவரை நிறுத்தி வைத்து இரண்டு நிமிஷம் பேசுங்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். என் பருத்திக்கு அப்போது ஐம்பது நாள். நல்ல செடி, சப்பை (பூ மொட்டு) பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு வாரம் கழித்துக் கொல்லைக்குப் போனால் நுனி இலைகள் ஒரு மாதிரியாக இருந்தன. பருத்தி இலை விரித்த உள்ளங்கை மாதிரி இருக்கும் இல்லையா? புதிதாக வந்த இலை எல்லாம் அந்த உள்ளங்கை இல்லாமல் விரல் மட்டும் நீண்டு தவளைக்கால் மாதிரி குறுகிக் கிடந்தன. நரம்புகள் வெளுத்து ஒன்றோடு ஒன்று நெருங்கி, ஓரம் கிழிந்தது போல இருந்தது. காம்பு முறுக்கிக்கொண்டு கீழே வளைந்திருந்தது. அடி இலைகளோ பச்சென்று அப்படியே இருந்தன. அதுதான் என்னைக் குழப்பியது.

இலையைப் பறித்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். பார்த்தவர் "வைரஸ்" என்றார். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு ஒரு மருந்தும் ஒரு டானிக்கும் கொடுத்தார். அடித்தேன். அடுத்த வாரம் சப்பை கொட்டியது. மறுபடியும் போனேன், இன்னொரு டானிக். மூன்றாவது தடவை வேளாண்மைத் துறை அலுவலர் ஒருவர் நேரில் வந்தார். அவர் என் பருத்தியைப் பார்க்கவே இல்லை. வரப்பில் நின்று கிழக்கே இருந்த மக்காச்சோளத்தைப் பார்த்தார். "அதில் என்ன அடித்தார்கள், எப்போது அடித்தார்கள்?" என்றுதான் முதலில் கேட்டார்.

அந்தக் கொல்லை என் பங்காளியுடையது. இருபத்திரண்டு நாள் பயிரில் சாரணையும் தொய்யக்கீரையும் பாய் விரித்தது போல மண்டியிருந்தன. களை எடுக்க ஆள் தேடி அலைந்து, கிடைக்காமல்தான் மருந்து வாங்கினார். விதைத்து இருபது, இருபத்தைந்து நாளில் 2,4-டி அடிக்கலாம் என்பது பரிந்துரையில் இருப்பதுதான். அவர் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அன்றைக்குக் காற்று என் பக்கம் வீசியது, அவ்வளவுதான். அது என் பயிரை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தபோது மனிதர் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அது பயிர் போனதை விடக் கஷ்டமாக இருந்தது.

இந்த மருந்து வேலை செய்யும் விதம் உங்களில் பலருக்குத் தெரியும். செடிக்குள் ஆக்சின் என்று ஒரு வளர்ச்சி ஹார்மோன் இருக்கிறது. 2,4-டி அதைப் போலவே நடிக்கும். அகன்ற இலைச் செடியால் அதைச் சீக்கிரம் உடைத்துத் தள்ள முடியாது. கட்டுப்பாடில்லாமல் வளர்ந்து, முறுக்கி, செத்துப்போகும். மக்காச்சோளம், சோளம், நெல் எல்லாம் புல் இனம். மருந்தை உள்ளேயே உடைத்துவிடும். இளம்பயிரில் குருத்தும் இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். அதனால் பயிர் நிற்கிறது, சாரணை சாகிறது. ஆனால் பருத்தியும் அகன்ற இலைதான். அதிலும் இந்த மருந்துக்குப் பருத்தி அளவுக்கு நொந்துபோகும் பயிர் குறைவு. களையைக் கொல்லப் போதாத துளி அளவு பட்டாலே இலை தவளைக்கால் ஆகிவிடும். தக்காளியும் அப்படித்தான். பட்ட பிறகு முறிமருந்து கிடையாது. லேசாகப் பட்டிருந்தால் சில வாரத்தில் புதுத் துளிர் சரியாக வரும், அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். டானிக் விற்றதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் வீண்.

இன்னொன்றும் அந்த அலுவலரிடம்தான் கற்றுக்கொண்டேன். 2,4-டி எல்லாம் ஒன்று இல்லை. சோடியம் உப்பு 80 சதவீதம் என்று பொடியாக வருகிறது, அமைன் உப்பு 58 சதவீதம் திரவமாக வருகிறது, எத்தில் எஸ்டர் 38 சதவீதம் என்றும் ஒன்று வருகிறது. எஸ்டரைத் தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும். அது ஆவியாகிப் போகும் சரக்கு. காற்றே இல்லாத நேரத்தில் அடித்திருந்தாலும், பிறகு வெயில் ஏறும்போது களையின் மேலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவியாகக் கிளம்பிப் பக்கத்துக் கொல்லைக்குப் போகும். உப்பு வகைகள் அந்த அளவுக்கு ஆவியாகாது, அவற்றில் காற்றில் போகும் துளியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நம் மாவட்டத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் வரப்புக்கு வரப்பு நிற்கின்றன. அதனால் பருத்தி நிற்கும் மாதங்களில் எஸ்டரை எடுத்து விற்காதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் டேங்க். காற்றை விட இதில்தான் நாமே நம் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்கிறோம். காலையில் மக்காச்சோளத்துக்குக் களைமருந்து அடித்த அதே டேங்கை, ஒரு தடவை அலசிவிட்டு, மறுநாள் பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்க எடுத்துப் போகிறோம். வாடகைக்கு எடுக்கும் பேட்டரி ஸ்ப்ரேயரில் முன்னால் என்ன இருந்தது என்றே தெரியாது. ரப்பர் குழாயிலும் வாஷரிலும் ஊறியிருப்பது ஒரு அலசலில் போகாது. சலவை சோடா கரைத்து ஊற்றி, குழாய் நாசில் வழியாகவும் ஓடவிட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டுப் பலமுறை கழுவ வேண்டும். அதற்கும் மேல் நல்லது, களைமருந்துக்கென்று ஒரு டேங்கை ஒதுக்கி அதில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டு வைப்பது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நாசில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பூச்சிமருந்து நாசிலில் துளி பனி மாதிரி பொடியாக வரும், காற்று அப்படியே அள்ளிக்கொண்டு போகும். களைமருந்துக்கு விசிறி நாசில் வேண்டும், அழுத்தமும் குறைவாக இருக்க வேண்டும். கடையில் இரண்டு பெட்டி நாசில் வாங்கி வையுங்கள். விலை ஒன்றும் பெரிதில்லை.

1968ஆம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டப்படி உரிமம் வாங்கித்தான் நீங்கள் விற்கிறீர்கள். டப்பாவோடு துண்டுப்பிரசுரமும் வருகிறது. எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், என் வயசுக்காரர்கள் யாரும் படிப்பதில்லை. அளந்து வேறு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் அந்தத் தாளும் கைக்கு வராது. நானே அப்படி வாங்கியிருக்கிறேன், இனிமேல் வாங்கமாட்டேன்.

2020இல் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு ஆணை போட்டபோது அந்தப் பட்டியலில் 2,4-டியும் இருந்தது. தடை செய்யச் சொல்லி நான் எழுதவில்லை. ஆள் கிடைக்காத ஊரில் அதை விட்டால் என் பங்காளிக்கு வேறு வழி இல்லை, அடுத்த வருஷம் எனக்கும்தான். ஆனால் 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்ததை நினைத்துப் பாருங்கள். புழுவைக் குருத்தோடு பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு நாங்கள் முதலில் ஓடி வந்தது உங்கள் கடைக்குத்தான். நீங்கள் சொன்னதைத்தான் ஊரில் போய்ச் சொன்னோம். விவசாயி கூட்டத்துக்கு வராமல் இருப்பான், கடைக்கு வராமல் இருக்கமாட்டான்.

கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குக் கீழே ஒரு அட்டை தொங்கவிடுங்கள். அதில் பெரிய எழுத்தில் "பக்கத்தில் பருத்தி, தக்காளி உண்டா? காற்று எந்தப் பக்கம்? டேங்க் தனியா?" என்று எழுதினால் போதும். வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தவளைக்கால் இலையின் நல்ல படம் கேட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே ஒட்டி வைத்தால், அடுத்த முறை ஒருவர் இலையைப் பறித்துக்கொண்டு வரும்போது வைரஸ் என்று சொல்லமாட்டீர்கள்.

புரட்டாசி மழைக்கு விதைத்தது எல்லாம் இப்போது நான்கு இலை விட்டு நிற்கிறது. இன்னும் பத்து நாளில் 2,4-டி கேட்டு வர ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் அட்டையை மாட்டிவிடுங்கள்.

அன்புடன்,
குன்னம் வட்டத்திலிருந்து ஒரு பருத்தி விவசாயி