மத்தியானக் கச்சேரியில் பக்கத்து இருக்கை மாமாவுக்கு நன்றி

போன மார்கழியில், மயிலாப்பூர் சபா ஒன்றின் இலவச மத்தியானக் கச்சேரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. பி.காமா, வயலினா என்று நானும் அம்மாவும் இடைவேளையில் வாதாடியது உங்கள் காதில் விழுந்துவிட்டது (அரங்குக்கே விழுந்திருக்கும்!).

"எதுக்கும்மா ஒண்ணைத் தலைமுழுகணும்? ரெண்டையும் படி" என்றீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிக்க 2022-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி தந்ததை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஒன்று நேரடி வகுப்பு, மற்றது தொலைநிலைக் கல்வி என்றால் நேரம் இடிக்காது என்று நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுதியும் காட்டினீர்கள். கர்நாடக இசைப் பாடகர் சஞ்சய் சுப்ரமணியன் சி.ஏ. படித்தவர் என்றதும் அம்மா முகத்தில் வந்த வெளிச்சம் தனிக்கதை.

ஆனால் எனக்கு அதிகம் பிடித்தது நீங்கள் பொய் நம்பிக்கை தராததுதான். "கச்சேரி வருமானத்தை நம்பி வாடகை கட்ட ரொம்ப வருஷம் ஆகும். சம்பளம் எதுலேர்ந்துன்னு முதல்ல முடிவு பண்ணு, வயலின் சாதகத்தைக் காலேஜுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே முடிச்சிடு" என்றீர்கள்.

இப்போது பகலில் பி.காம், தொலைநிலையில் இசை. வயலினில் வர்ணம் மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) வருகிறது. காஸ்ட் அக்கவுண்டிங்தான் இன்னும் தாளத்துக்கு வரவில்லை. இந்த சீசனில் என்னைப் பார்த்தால் கூப்பிடுங்கள் மாமா. கேன்டீன் காபி என் செலவு.