எந்த ஈயம் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அண்ணி போன வாரம் வீட்டு ஈயச் சொம்பைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். எங்கள் அம்மா காலத்திலிருந்து ரசம் கொதித்த சொம்பு அது. கப்பல் பெயிண்டில் உலகமே தடை செய்த ஈயம்தான் நம் சொம்பிலும் இருக்கிறது, உடனே தூக்கி எறியுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். விஷயம் தெரிந்து நான் கடைக்கு ஓடுவதற்குள் உருக்க அனுப்பிவிட்டார்கள்.

முப்பத்தொரு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள் நான். முனைவர் பட்டத்துக்கு நான் ஆய்வு செய்ததே அந்தக் கப்பல் பெயிண்ட் சேர்மங்களைத்தான். அதனால்தான் மனசு ஆறாமல் எழுதுகிறேன்.

ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள்கள் மாட்டிக்கொண்டு தவிக்கின்றன. பழைய பெயிண்டிலும் பேட்டரியிலும் இருப்பது காரீயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது அது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் சொம்பு வார்ப்பதும் வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின். உணவு அடைத்து வருகிற தகர டப்பாவின் பூச்சும் அதுவே. ரசத்தோடு துளி வயிற்றுக்குள் போனாலும் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் வெளியேறிவிடும். மூன்றாவதுதான் கரிம வெள்ளீயச் சேர்மங்கள். வெள்ளீய அணுவோடு கார்பன் தொகுதிகளை நேரடியாகப் பிணைத்துச் செய்கிறவை. இந்தத் தொகுதிகளைக் கரங்கள் என்று சொல்கிறேன். கப்பல் பெயிண்டில் இருந்தது அவற்றில் ஒன்றான டிரைபியூட்டைல் டின். எத்தனை வருடம் ரசம் வைத்தாலும் சொம்பில் அது உருவாகாது. மனிதன் மெனக்கெட்டுச் செய்தால்தான் உண்டு.

அந்த மெனக்கெடலை நான் அறிவேன். உலர்ந்த ஈதரில் மக்னீசியம் சீவலைப் போட்டு, துளி அயோடின் சேர்த்து, பியூட்டைல் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். அயோடினின் பழுப்பு மறைந்து, குடுவை கையில் சூடு ஏறி, ஈதர் தானாகக் கொதிக்கத் தொடங்கினால் கார்பன் தொகுதியை வேறு அணுவோடு சேர்க்க உதவும் கிரிக்னார்டு வினைபொருள் தயாராகிறது என்று அர்த்தம். அதோடு டின் டெட்ராகுளோரைடு சேர்த்தால் நான்கு பியூட்டைல் கரங்கள் கொண்ட டெட்ராபியூட்டைல் டின் கிடைக்கும். அதில் மூன்று பங்குக்கு இன்னும் ஒரு பங்கு டின் டெட்ராகுளோரைடு போட்டுச் சூடாக்கினால், கரங்கள் இடம் மாறி எல்லாம் மூன்று கரச் சேர்மமாகிவிடும். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் டெட்ராகுளோரைடு பாட்டிலைத் திறந்தாலே வெண்புகை கிளம்பும். எங்கள் ஆய்வகத்தில் புகைபோக்கி விசிறி பெரும்பாலும் ஓடாது. ஜன்னல்தான் கதி. ஒருநாள் மணிக்கட்டில் அந்த மூன்று கரச் சேர்மம் ஒரு துளி தெறித்தது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் அந்த இடம் சிவந்து கொப்புளித்திருந்தது. ஆற இரண்டு வாரம் பிடித்தது.

விஷம் வெள்ளீயத்தில் இல்லை, அதன் கரங்களில் இருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வான் டெர் கெர்க், லுய்டன் என்ற இருவர் 1950-களில் இதை வரிசையாகச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு கரம் இருந்தால் நச்சு குறைவு. மூன்று கரம் இருந்தால் உச்சம். நாலாவது இடத்தில் குளோரைடு இருந்தாலும் ஆக்சைடு இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. மூன்றும் இரண்டு கார்பன் நீள எத்தில் என்றால் பாலூட்டிகளைக் கொல்லும். நான்கு கார்பன் நீள பியூட்டைல் என்றால் பூஞ்சையும், கப்பலடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிரான கொட்டலசும் சாகும். எட்டு கார்பன் நீள ஆக்டைல் என்றால் ஏறத்தாழ ஒன்றும் செய்யாது. எண்ணெய்த் தன்மையுள்ள கரங்கள் வெள்ளீயத்தைச் செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே கொண்டுபோக, மைட்டோகாண்ட்ரியாவில் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியின் உற்பத்தி முடங்கிப்போகிறது.

ஒரு கரம் கூடினால் என்ன ஆகும் என்பதை 1954-ல் பிரான்ஸ் பார்த்தது. சீழ்க்கட்டிக்கு மருந்தாக ஸ்டாலினான் என்ற மாத்திரை விற்றார்கள். அதிலிருந்தது இரண்டு எத்தில் கரச் சேர்மம். தயாரிப்பில் மூன்று கரச் சேர்மம் கலந்துவிட்டது. சுமார் நூறு பேர் மூளை வீங்கி இறந்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் இறங்கிவிடும்.

கப்பல் கதைக்கு வருகிறேன். கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டினால் எரிபொருள் செலவு ஏறும். டிரைபியூட்டைல் டின்னைப் பிசினோடு பிணைத்த பெயிண்ட், கடல்நீர் பட்டு மேலிருந்து படலம் படலமாகக் கரைந்து, ஐந்து வருடம் வரை அடிப்பாகத்தைச் சுத்தமாக வைத்தது. கரைந்தது கடலில்தானே சேரும்? பிரான்ஸின் அர்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு தாறுமாறாகத் தடித்தது. 1970-களின் கடைசியில் குஞ்சுகளே பிழைக்காமல் சிப்பி வளர்ப்போர் நொடித்துப் போனார்கள். இங்கிலாந்துக் கரைகளில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து, முட்டை வெளியேறும் வழி அடைபட்டு, கூட்டம் கூட்டமாக அழிந்தன. ஆண் உறுப்பு முளைக்க ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஓரிரு பங்கு இருந்தால் போதும். நான் சங்கு குளிக்கும் ஊர்க்காரி. சங்கும் கடல் நத்தைதான். இதை முதலில் படித்தபோது நான் குடுவையில் காய்ச்சிக்கொண்டிருந்ததை நினைத்து அன்றிரவு தூங்கவில்லை.

பிரான்ஸ் 1982-ல் சிறு படகுகளுக்கு இந்தப் பெயிண்டைத் தடுத்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் உடன்படிக்கை 2001-ல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பர் 17 அன்று அமலுக்கு வந்தது. ஆனாலும் துறைமுகச் சேற்றில் படிந்தது சிதைய வருடக்கணக்காகும். தூர்வாரும்போது கிளறப்படும் சேற்றைப் பற்றித்தான் பயப்பட வேண்டும், ரசச் சொம்பைப் பற்றி அல்ல.

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் செய்தியாளர்கள் வெறுமனே ஈயம் என்று எழுத வேண்டாம். காரீயம், வெள்ளீயம், கரிம வெள்ளீயச் சேர்மம் என்று பிரித்து எழுதட்டும். பள்ளிப் பாடநூல் காரீயத்தையும் வெள்ளீயத்தையும் பிரித்தே சொல்கிறது. நாளிதழ் செய்தால் வாட்ஸ்அப்பும் ஒருநாள் கற்றுக்கொள்ளும்.

சொம்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை மலிவாகக் கிடைத்தால் காரீயம் கலந்திருக்கலாம். வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள், சாம்பல் கோடு விழுந்தால் வாங்காதீர்கள். விழாவிட்டாலும் அதுவே சுத்தத்துக்குச் சான்று ஆகாது, ஆய்வகத்தில் சோதிப்பதுதான் உறுதி. நல்ல சொம்பு கிடைத்தால், ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். வெறும் சொம்பு 232 டிகிரியில் உருகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை,
தூத்துக்குடி