மரம் நட்டா மட்டும் காடு ஆயிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மரக்கன்னு நடுற நியூஸ் அடிக்கடி வருது, சந்தோஷம்தான், ஆனா ஒரே வகை மரத்த வரிசையா நட்டுட்டு காடு வளக்குறோம்னு சொல்றப்ப மனசு கேக்கல சார். சந்தன மரத்தையே எடுத்துக்கோங்க, அதோட வேர் பக்கத்து செடி வேர்ல போய் ஒட்டிக்கிட்டு தண்ணியும் சத்தும் உறிஞ்சும், அதனாலதான் நர்சரில சந்தனக் கன்னு இருக்குற பையிலயே துவரையோ பொன்னாங்கண்ணியோ சேத்து வைப்பாங்க, தொணை இல்லாம விட்டா வெளுத்து நோஞ்சானா போயிடும்.

மத்த மரங்களும் தனியா நிக்கல. முக்கால்வாசி மரங்களோட வேர்ல பூஞ்சை இழை பின்னிக்கிட்டு இருக்கும், மரம் அதுக்கு சர்க்கரை குடுக்கும், அது மண்ணுலேர்ந்து பாஸ்பரஸ் சத்து கொண்டாந்து குடுக்கும். 1997ல கனடாவுல சூசன் சிமார்ட்ங்கிற காட்டு விஞ்ஞானியோட டீம், பிர்ச்ங்கிற மரத்தோட கன்னுலேர்ந்து, நிழல்ல நின்ன டக்ளஸ் ஃபிர்ங்கிற வேற வகை மரக் கன்னுக்கு கார்பன் போறத காமிச்சாங்க. எவ்ளோ போகுது, பூஞ்சை வழியாத்தான் போகுதான்னு விஞ்ஞானிங்க இன்னும் வாதாடுறாங்க, ஆனா வேரும் பூஞ்சையும் சேந்து வாழுறதுல சந்தேகமே இல்ல.

இன்னொன்னு, காட்டுல விழுந்த மரத்த சுத்தம் பண்றோம்னு அள்ளிட்டுப் போறது வயித்தெரிச்சலா இருக்கு, அந்த மக்குன கட்டை ஈரத்த பிடிச்சு வச்சிருக்கும், அது மேல பாசி வரும், பெரணி வரும், அப்புறம் புதுக் கன்னு முளைக்கும். நடுறவங்க புதர், கொடி, பெரிய மரம்னு கலந்து நடணும், விழுந்தத அப்படியே விடணும், தயவுசெஞ்சு இத உங்க பேப்பர்ல விவரமா எழுதுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்