உச்சிப் புல்வெளிகளில் மரம் நட வேண்டாம்: தமிழ்நாடு வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வனத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 23.8 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்துவதற்கென 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை நான் வரவேற்கிறேன். ஆயினும் நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளிகளில் ஒரு மரக்கன்றைக்கூட நட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். மரங்கள் அடர்ந்தால் வாழ இயலாத ஒரு சிறு பறவைக்கு அப்புல்வெளிகளே வீடு.

நீலகிரி நெட்டைக்காலி என்பது அதன் பெயர். ஒரு சாணுக்கும் குறைவான நீளமுடைய பழுப்பு உடலில் கருங்கீற்றுகள் ஓடுவதால், அது அசையாமல் நின்றுவிட்டால் காய்ந்த புல்லிலிருந்து பிரித்தறிவது கடினம். சிட்டுக்குருவியைப் போலத் தத்தித் திரியாமல், புற்கற்றைகளுக்கிடையே நடந்து நடந்து பூச்சிகளையும் புல் விதைகளையும் பொறுக்கும். சதுப்பான ஈரப் பகுதிகளையும் நாடும். இரண்டு மூன்று முட்டைகள் கொள்ளும் கிண்ணம் போன்ற கூட்டையும் புற்கற்றையின் அடியில், தரையிலேயே அமைக்கிறது. ஆள் நெருங்கினால் அருகிலுள்ள புதரிலோ குட்டை மரத்திலோ போய் அமர்வதைக் கண்டு, இதற்கும் மரம் தேவைதானே என்று சிலர் எண்ணலாம். அது தவறு; புல்வெளிக்குள் மரங்கள் பரவப் பரவ இப்பறவை அங்கிருந்து மறைந்துவிடுகிறது என்பதை 2020இல் வெளியான கள ஆய்வொன்று தெளிவாக்கியிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உயரங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. வெப்பம் கூடும்போது தாழ்விடப் பறவைகள் சில மேலேறிப் பிழைத்துக்கொள்ளக்கூடும். ஏற்கெனவே உச்சியில் வாழும் நெட்டைக்காலி எங்கே ஏறும்? நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்.

இந்தப் புல்வெளிகளைத் தரிசு என்று கருதியது ஆங்கிலேயர் காலத்துப் பழக்கம். தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை எனப்படும் அயல்நாட்டு வாட்டில் மரமும், விறகுக்கும் பின்னர் செயற்கை இழைத் தொழிலுக்கும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டசும் இங்கே நடப்பட்டன. விடுதலைக்குப் பிறகு அதைப் பெருமளவில் தொடர்ந்தது (இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது) தங்கள் துறையேதான். பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துவிட்டது.

அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை அரசே வகுத்திருப்பதும், வரையாட்டுக்கெனத் தனித் திட்டம் அறிவித்திருப்பதும் நம்பிக்கை தருகின்றன. வரையாடு மேயும், நீலகிரியிலுள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் புல்வெளிதான் நெட்டைக்காலியின் வாழிடமும் ஆகும். ஆனால் வரையாட்டின் கணக்கெடுப்புக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு துளியும் இப்பறவைக்குக் கிடைப்பதாகத் தெரியவில்லை.

சீகையை அகற்றுவதிலும் நிதானம் வேண்டும். அதன் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, மரத்தை வெட்டிய பின்போ நெருப்புப் பட்ட பின்போ ஒன்றாக முளைத்தெழும். ஒருமுறை வெட்டிவிட்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால், முன்னிலும் அடர்ந்த சீகைக்காடுதான் மிஞ்சும். முதிர்ந்த தோட்டங்கள் சிலவற்றின் நிழலில், இம்மலைகளின் இயற்கைக் காடான சோலைக்காட்டு மரங்களின் கன்றுகள் தாமாகவே தழைப்பதால் அவற்றில் கைவைக்க அவசரமில்லை. புல்வெளியின் ஓரங்களில் இப்போதுதான் நுழையும் இளஞ்சீகையை முதலில் பிடுங்கி, அதே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வந்து முளைகளைக் களைய ஆட்களும் நிதியும் ஒதுக்க வேண்டும். தரையில் கூடு இருக்கும் மாதங்களில் அப்பணி நடைபெறலாகாது.

நீலகிரி, பழனி மலைகளில் எஞ்சியுள்ள புல்வெளிகளைச் சர்வே எண் வாரியாகக் குறித்து, அவை மரம் நடுதலுக்கு விலக்கப்பட்ட நிலங்கள் என்று அடுத்த நடவுப் பருவத்துக்குள் சுற்றறிக்கை வெளியிடுமாறு வேண்டுகிறேன். அதன் படியொன்றை, ஆர்வத்தோடு கன்றுகளைச் சுமந்து மலையேறும் பள்ளிகளுக்கும் தன்னார்வக் குழுக்களுக்கும் அனுப்பினால் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
மலைப் புல்வெளிகளில் பறவை நோக்கும் ஒருவர்