நம் வான்நோக்கு மன்றத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நாம் அதிகம் உழைத்தது படக் கண்காட்சிக்குத்தான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களை நாசா இலவசமாகவே தருகிறது. அவற்றைப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, சேலத்தில் ஒரு பள்ளி மண்டபத்தில் இரண்டு நாள் வைத்தோம். முதல் நாள் மாலை கரண்ட் போய்விட்டது. வந்தவர்கள் போகவில்லை, செல்போன் வெளிச்சத்தில் நின்று பார்த்தார்கள். வளையங்களோடு தெரிந்த நெப்டியூன் படத்தின் முன்னால், "சனிக்குத்தானே வளையம்?" என்று கேட்டவர்கள் பலர்.

கூட்டம் அதிகம் நின்றது கரீனா நெபுலா என்ற விண்மேகத்தின் படத்திடம். 2022 ஜூலை 12 அன்று வெளிவந்த படம் அது. மலை முகடுபோலத் தெரிவது வாயுவும் தூசியும். படத்தின் மேல் விளிம்புக்கு வெளியே உள்ள இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர் அதை அரித்துக்கொண்டே இருக்கிறது. தூரம் சுமார் 7,600 ஒளியாண்டு.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "இந்தக் கலர் நிஜமா சார்?" என்று கேட்டாள். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால் படித்துப் பார்த்தேன். வெப் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளி, நம் கண்ணுக்குத் தெரியாதது. அதை நன்றாகப் பிரதிபலிக்கும் என்றுதான் 6.5 மீட்டர் ஆடிக்குத் தங்கம் பூசியிருக்கிறார்கள். ஒவ்வொரு வடிகட்டி வழியாகவும் கறுப்பு வெள்ளையில்தான் படம் வருகிறது. நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம் என்று வரிசை மாறாமல் நிறம் கொடுத்துச் சேர்க்கிறார்கள். பாட்டைச் சுருதி ஏற்றிப் பாடுகிற மாதிரி. ஸ்வரங்களின் உறவு அப்படியே இருக்கும். இஷ்டத்துக்குப் பூசிய வண்ணம் இல்லை அம்மா அது.

அப்புறம் ஏப்ரலில் அவளும் அவள் அப்பாவும் நம்மோடு ஏற்காட்டுக்கு வந்தார்கள். அதே கரீனா அங்கே தெற்கு வானில் தெரியும். கையை நீட்டிச் சாண் விரித்தால், அடிவானத்திலிருந்து அந்த உயரம்தான். ஆனால் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் தெற்கே சேலத்தின் வெளிச்சம் வானத்தை வெளுத்துவிடுகிறது. சேர்வராயன் கோயில் போகும் வழியில் ஓர் இடம் கிடைத்தது. பைனாகுலரில் சாம்பல் நிறப் பஞ்சுத் துணுக்குபோல இருந்தது. அவள் பைனாகுலரைக் கீழே இறக்கவே இல்லை.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஏற்காட்டில் எஸ்டேட்டோ வீடோ உள்ளவர்கள், தெற்கு மறைக்காத மேடு இருந்தால் மார்ச்சுக்குள் சொல்லுங்கள். நாம் வான் பார்க்க வரும் இரவு மட்டும் வாசல் விளக்கை அணைத்துத் தந்தால் போதும்.