கிலோக் கணக்கில் விற்க வேண்டாம்: வன்னியின் கமக்கார அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

"பழைய இரும்பு, பித்தளை, பட்டரி" என்று ஒலிபெருக்கி கட்டிய சின்ன லொறி எங்கள் ஒழுங்கைக்கு அடிக்கடி வரும். போன வருடம் ஒருநாள் அதை ஓடிப்போய் மறித்தேன். உடைந்த கட்டில் சட்டங்களுக்கும் தகரங்களுக்கும் கீழே உழவு இயந்திரத்தில் பூட்டும் ஓர் இடையுழவுக் கலப்பை கிடந்தது. பயிர் வரிசைகளுக்கு நடுவில் புல்லு வெட்டுகிற கலப்பை. ஓர் அமைப்பின் களஞ்சியத்துக்குப் பின்னால் கிடந்ததாம், இடத்தை அடைக்கிறது என்று நிறுத்துக் கொடுத்துவிட்டார்களாம். எந்த அமைப்பென்று எழுதப்போவதில்லை. விற்றவர்கள் கெட்ட எண்ணத்தில் விற்கவில்லை, அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் வைத்து வாங்கி வந்தேன். வீட்டில் கிடைத்த ஏச்சு தனிக்கதை.

நான் கனகராயன்குளம் பக்கத்தில் மேட்டுநிலத்தில் கச்சானும் சோளமும் போடுகிறவன். புல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015இல் கிளைபோசேற் என்ற புல்லு மருந்தைத் தடைசெய்தார்கள். 2021 மே மாதம் இரசாயன உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதியையும் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை விலக்கியபோது காலபோகத்துப் புல்லு எங்கள் தறையில் முழங்காலுக்கு வந்துவிட்டது. மருந்து இன்றைக்குக் கடையில் இருக்கிறது, நாளைக்கு இருக்குமா என்பது கொழும்பில் யாரோ முடிவெடுப்பது. கையால் பிடுங்க ஆட்களைத் தேடினால், எல்லாத் தறையிலும் ஒரே கிழமையில்தான் புல்லு வருகிறது, எல்லோரும் அதே ஆட்களைத்தான் கேட்கிறோம்.

சரி, அந்தக் கலப்பைக்கு வருகிறேன். குறுக்கே ஒரு சதுர இரும்புச் சட்டம். அதில் தனித்தனியாக ஏறி இறங்கும் கைகள். ஒவ்வொரு கையிலும் ஆழம் பிடிக்க ஒரு சின்னச் சில்லும், மண்ணை வெட்ட அம்பு முனைபோல் விரிந்த ஒரு கொழுவும், வரிசைக்குப் பக்கத்தில் போக இரண்டு ஒருபக்கக் கொழுக்களும். நிலம் மேடுபள்ளமாக இருந்தாலும் ஒவ்வொரு கையும் தன்பாட்டில் எழும்பித் தாழும். கை இணைகரமாக அமைந்திருப்பதால் எழும்பும்போதும் கொழுவின் சரிவு மாறாது. இதை வடிவமைத்தவர் யாரோ, மூளைசாலி.

கறலைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். இறுகிய நட்டுகளுக்கு இரண்டு நாள் டீசல் விட்டு, மசியாததைச் சூடுகாட்டிக் கழற்றினோம். உண்மையான நோய் புஷ்களில், அதாவது மூட்டுப் பின் சுழலும் உலோக உறைகளில், இருந்தது. கைகளின் மூட்டுகளில் புஷ் தேய்ந்து கொழுமுனை இரண்டு அங்குலம் பக்கவாட்டில் ஆடியது. அந்த ஆட்டத்தோடு வயலில் இறக்கினால் புல்லுக்கு முதல் கச்சான்தான் போகும். எல்லாப் புஷ்களையும் கடைச்சல் பட்டறையில் புதிதாகப் போட்டேன், செலவில் பெரும்பங்கு அதுதான். உழவு இயந்திரத்தின் கீழ்க்கைகள் பூட்டும் 22 மில்லிமீற்றர் பின்களின் துளைகள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன, அவற்றை ஒட்டி நிரப்பித் திரும்பத் துளைத்தோம். கொழுக்களை லொறியின் வில்லுத் தகட்டில் வெட்டினோம். காய்ச்சிய வில்லுத் தகட்டைத் தண்ணீரில் தோய்த்தால் வெடித்துவிடும், பழைய எஞ்சின் ஒயிலில்தான் தோய்க்க வேண்டும். முதல் இரண்டைத் தண்ணீரில் தோய்த்து முறித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

ஆனால் இந்தக் கலப்பைக்குச் சோடி ஒன்று உண்டு, விதைப்பு. வரிசை நேராக இல்லாவிட்டால், இடைவெளி ஒரே அளவாக இல்லாவிட்டால், இது வெறும் இரும்புதான். ஒரே போக்கில் எத்தனை வரிசை விதைத்தோமோ அத்தனை வரிசையைத்தான் ஒரே போக்கில் வெட்ட வேண்டும். கச்சானுக்கு 45 சென்ரிமீற்றர் இடைவெளி விடுகிறோம். என் மெசி உழவு இயந்திரத்தின் பின் டயர் ஓர் அடி அகலம், 45இல் போனால் இரண்டு பக்கமும் கன்றை உரசும். அதனால் டயர் போகும் இடைவெளிகளை மட்டும் 60 ஆக்கினேன். நடுவில் மூன்று வரிசை, சில்லுக்குச் சில்லு நடு அளவு 150 சென்ரிமீற்றர். பின்சில்லைத் திருப்பிப் பூட்டியும் முன் அச்சைத் துளை மாற்றியும் அதைச் சரிப்படுத்தினேன். ஒரு நாள் வேலை. பக்கச் சங்கிலிகளை இறுக்க மறந்தால் முழுச் சட்டமும் வாலாட்டும், அதையும் சொல்லி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. வீசி விதைக்கும் நெல்லுக்கு உதவாது. வரிசைக்குள்ளேயே கன்றோடு ஒட்டி நிற்கும் புல்லைக் கையால்தான் எடுக்க வேண்டும். கோரையை வெட்டினால் கிழங்கிலிருந்து திரும்ப வரும். ஈரத்தில் அறுகை வெட்டினால் ஒன்று பத்தாகும். எங்கள் செம்மண் நனைந்தால் கொழுவில் அப்பும், காய்ந்தால் கல்லாகும், இரண்டுக்கும் இடையில் கிடைப்பது இரண்டு மூன்று நாள். அந்த நாட்களில், புல்லு இரண்டிலைப் பருவத்தில் நிற்கும்போதே, மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில், நடை வேகத்தில் போனால் பின்னேரத்துக்குள் வெயிலில் வாடிக் கிடக்கும். கச்சானில் காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கத் தொடங்கிய பிறகு கொழுவை இறக்கவே கூடாது. டீசலும் வேண்டும்தான், 2022இல் கானோடு வரிசையில் நின்றதை நானும் மறக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். உங்கள் களஞ்சியத்தின் பின்பக்கத்தையும், மூடிக்கிடக்கும் சங்கக் கட்டடங்களின் முற்றத்தையும், கமநல சேவை நிலையத்தின் வேலியோரத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது எங்களில் பலருக்கு ஒரு மண்வெட்டிகூட மிஞ்சியிருக்கவில்லை. கிடைத்ததையெல்லாம் விற்றுச் சோறு உண்டோம், அதைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது விற்பதற்கு அந்த அவசரம் இல்லை. சதுரச் சட்டமும் ஆடும் கைகளும் தெரிந்தால் ஏலப் பட்டியலில் இருந்து அதை எடுத்துவிடுங்கள். கை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் கைகளை அளந்து செய்துவிடலாம். ஓர் அமைப்புக்கு ஒன்று போதும். தனியாள் ஒவ்வொருவரும் வாங்கி வருடத்தில் பத்து நாள் ஓட்டி, மிச்ச நாள் மழையில் விடுவதில் அர்த்தமில்லை. வரிசை விதைப்புக் கருவி வைத்திருக்கும் அமைப்புகள் அதன் இடைவெளியை அளந்து கலப்பையிலேயே பெயின்றால் எழுதி வையுங்கள், வாங்கிப்போகிறவர் தன் எண்ணத்துக்கு மாற்றிப் பூட்டாமல் இருக்க.

ஐப்பசி மழைக்கு முன் செய்தால்தான் இந்தக் காலபோகத்துக்கு உதவும். என் கலப்பையின் புஷ் அளவுகளையும் கொழுக்களின் வடிவத்தில் வெட்டிய அட்டையையும் வைத்திருக்கிறேன். கறல் பிடித்த கை ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள், வைத்துப் பார்ப்போம். மத்தியானத்தில் வராதீர்கள், தறையில் நிற்பேன்.

இப்படிக்கு,
கனகராயன்குளம் பக்கத்து மேட்டுநிலக் கமக்காரன்